தவிடு என்று கூப்பிட்டால்

அன்றைக்கு மத்தியானம் எங்கள் குதிரையை இறைச்சிக்கு வெட்டக் கொண்டுபோக லாரி வருவதாக இருந்தது. வரச் சொன்னவர் என் வீட்டுக்காரர். காலையிலிருந்து அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. லாயத்தில் நின்றிருந்த அவள் மட்டும் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வண்டியின் பின்பலகையில் ‘மின்னல்’ என்று எழுதியிருக்கிறது. சிவப்பு எழுத்து, மஞ்சள் ஓரம். என் மாமனார் எழுதி வைத்தது. மங்க மங்க அதன் மேலேயே சாயம் தீட்டித் தீட்டி எழுத்தெல்லாம் புடைத்துக்கொண்டு நிற்கும். முதல் குதிரையின் பெயர் அது. அது போய் இரண்டாவது வந்தபோது அதற்கும் மின்னல் என்றே வைத்துவிட்டார்கள். குதிரைக்குப் பெயர் வைக்கிற சிரமமெல்லாம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. பெயர் வண்டியுடையது, குதிரை வந்து அதற்குள் நுழைந்துகொள்ள வேண்டும். காய்கறி மார்க்கெட்டிலிருந்து லாரி நுழைய முடியாத சந்துகளுக்குக் கூடைகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் வேலை. கடைக்காரர்கள் போன் செய்தால் “மின்னலை அனுப்பு” என்பார்கள். என்னையே மின்னல் வீட்டம்மா என்றுதான் எல்லோருக்கும் தெரியும். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் எனக்கும் ஒன்று இருந்தது. அது கிடக்கட்டும்.

இரண்டாவது மின்னல் செத்த பிறகு, வீட்டில் விற்க முடிந்ததை எல்லாம் விற்று இவளை வாங்கினோம். ஒரு செங்கல் சூளையில் கல் இழுத்துக்கொண்டிருந்தாள். அவளை வைத்திருந்த பையன் குதிரையை விட்டுவிட்டு லோடு ஆட்டோவுக்கு மாறப் போகிறானாம். கயிற்றை என் வீட்டுக்காரர் கையில் கொடுக்கும்போது அவன் குரலே சரியில்லை.

“பேரு தவிடு. பேரை மட்டும் சும்மா சும்மா கூப்பிடாதீங்கண்ணே” என்றான். ஏன் என்று கேட்பதற்குள் விறுவிறுவென்று சூளைப் பக்கம் போய்விட்டான். திரும்பிப் பார்க்கவேயில்லை.

வழியெல்லாம் இவர் புலம்பிக்கொண்டே வந்தார். “பெரிய மகாராணி! பேரைக்கூடச் சொல்லக் கூடாதாம்.”

எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. அவள் நிறமும் தவிட்டு நிறம்தான். தொட்டால் கையில் ஒட்டிக்கொள்ளுமோ என்று தோன்றும்.

என் வீட்டுக்காரருக்கு வாய் ஓயாது. வீட்டில் என்னிடம் பேச வேண்டியதையும் சேர்த்துக் குதிரையிடம் பேசிவிடுவார். முதல் நாள் வண்டியில் பூட்டியதும் ஆரம்பித்தார். “வா தவிடு, அப்படித்தான் தவிடு, பாத்துப் போ தவிடு.” முதல் தவிட்டிலேயே அவள் நின்றுவிட்டாள். முன்னங்கால்களைச் சேர்த்து வைத்து, தலையைத் தாழ்த்தி, யாரோ ஏதோ செய்வார்கள் என்று காத்திருப்பவள் போல நின்றாள். தட்டிப் பார்த்தார், தள்ளிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். கெஞ்சும்போது இன்னும் நாலு தடவை தவிடு என்றார். அவள் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் அவர் களைத்துப்போய் வாயை மூடிக்கொண்டு நெற்றியைத் துடைத்தபோது, அவளே மெல்ல நடக்கத் தொடங்கினாள்.

தினமும் இதே கூத்து. ஒரு நாள் நாற்சந்தியின் நட்டநடுவில் தக்காளிக் கூடைகளோடு நின்றுவிட்டாள். நான்கு பக்கமும் ஹாரன். மூட்டை தூக்குகிறவர்களுக்குக் கேட்க வேண்டுமா?

“என்னண்ணே, வண்டியில தவிடு தீந்துபோச்சா?”

“சலிச்சுட்டு ஓட்டுங்கண்ணே!”

என் வீட்டுக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, “இந்தப் பேருக்கு ராசி இல்ல. மாத்திடறேன்” என்றார்.

“பழகின பேருங்க. இடம் மாறி வந்து நிக்கிறா. இருக்கிற ஒரு பேரையும் பிடுங்கிக்கணுமா?”

“பலகையில என்ன எழுதியிருக்கு? படி.”

“எல்லாம் படிச்சாச்சு. பலகைக்காகக் குதிரையா, குதிரைக்காகப் பலகையா?”

“சோறு போடறது பலகை” என்றார். அதற்கு மேல் நான் வாயைக் கொடுக்கவில்லை. “அந்தப் பையனுக்கு ஒரு போன் போட்டு, அவ ஏன் நிக்கிறாள்னு கேளுங்களேன்” என்று மட்டும் சொன்னேன்.

“பரம்பரையா குதிரை வெச்சிருக்கவன், நேத்து முளைச்சவன்கிட்ட போய்க் கேக்கணுமா?” அத்தோடு பேச்சு முடிந்தது.

பெயர் மாற்றுவதை அவர் முறையாகத்தான் செய்தார், அதைச் சொல்லியாக வேண்டும். காலையில் பூட்டுவதற்கு முன்னால் எதிரே நின்று “மின்னல்” என்பார். உடனே ஒரு காரட் துண்டு. அடுத்து கடிவாளம். அடுத்து வண்டி. கெட்டிக்காரக் குதிரை, சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். மின்னல் என்றால் தலையைத் தூக்குவாள், காதுகள் விறைக்கும், கால் தானாக எடுத்து வைக்கும். நாற்சந்தியில் நிற்பதெல்லாம் போயிற்று. மேட்டில் கூடச் சளைக்காமல் இழுத்தாள். கடைக்காரர்கள் மெச்சினார்கள். என் வீட்டுக்காரர் உச்சி குளிர்ந்துபோனார். “பாத்தியா? எல்லாம் பேருல இருக்கு” என்று என்னைச் சீண்டினார். நானும் சிரித்தேன்.

அவள் படுக்கவில்லை என்பதை முதலில் கவனித்தது நான்தான். சாணி அள்ளப் போகும்போது குதிரையின் விலாவில் வைக்கோல் ஒட்டியிருக்கும், படுத்து எழுந்த அடையாளம். இவள் விலாவில் ஒரு துரும்பும் இல்லை. பரப்பிய வைக்கோல் பரப்பியபடி இருக்கும். பிறகு முன்னங்கால்களில், குளம்புக்குச் சற்று மேலே, முன்பக்கமாகச் சிராய்ப்பு. மருந்து போட்டேன். ஆறுவதற்குள் அதன் மேலேயே இன்னொன்று.

கால்நடை டாக்டர் வந்து காலைத் தூக்கிப் பார்த்தார், முதுகை அழுத்திப் பார்த்தார்.

“குதிரை நின்னுக்கிட்டே கண் அசரும்மா. ஆனா ஆழ்ந்த தூக்கம்னா படுத்தாத்தான் வரும். இது படுக்காமலே இருக்கு. தாங்க முடியாம தூக்கம் அமுக்கும்போது கால் மடங்கி விழுது. உடனே திடுக்குன்னு எழுந்துக்குது. அந்தக் காயம்தான் இது.”

“ஏன் சார் படுக்க மாட்டேங்கறா?”

“வலி இருந்தா படுக்காது. வலி எதுவும் தெரியல. பயமா, இடம் பிடிக்கலையா, என்னன்னு அதுதான் சொல்லணும். எப்படியாவது படுக்க வைங்க. இல்லேன்னா ரொம்ப நாள் தாங்காது.”

எப்படியாவது என்றால் எப்படி? வைக்கோலை இரட்டிப்பாகப் போட்டோம். கயிற்றை நீளமாக விட்டோம். விளக்கை அணைத்தோம், போட்டோம். தெருப் பக்கச் சத்தம் கேட்காமல் சாக்குத் தைத்துத் தொங்கவிட்டேன். என் வீட்டுக்காரர் பொழுது சாய்ந்ததும் லாயத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். கரடுமுரடான மனிதர், கல்யாணமான இத்தனை வருஷத்தில் என்னிடம் அப்படிக் குழைந்து நான் பார்த்ததில்லை. அவள் கழுத்தைத் தடவிக்கொண்டே, “படும்மா மின்னல். தூங்கு மின்னல். என் தங்கம் இல்ல மின்னல்” என்று கொஞ்சிக்கொண்டே இருப்பார். அவள் கண்கள் சொருகும். மறுபடி மின்னல் என்பார். திடுக்கிட்டுத் தலையைத் தூக்குவாள். காதுகள் விறைக்கும். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

எலும்பு தெரிய ஆரம்பித்தது. நான் பாயில் படுத்துக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் அவள் காலை மாற்றி மாற்றி வைக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ‘பொத்’ என்று ஒரு சத்தம் வரும். விழுந்துவிட்டாள். உடனே குளம்புகள் தரையில் அடித்துக்கொள்ளும். எழுந்துவிட்டாள். நான் படுத்திருப்பதே அநியாயமாகத் தோன்றும்.

அப்புறம் ஒரு நாள் கடைத்தெரு இறக்கத்தில் வண்டியோடு விழுந்தாள். நடந்துகொண்டிருந்தவள், கண் மூடியபடியே முன்னங்கால் மடிந்து சரிந்தாள். வெங்காயக் கூடைகள் உருண்டன. கடை வாசலில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு குழந்தையை யாரோ கடைசி நொடியில் இழுத்தார்கள். அந்தக் குழந்தை நின்ற இடத்தில்தான் வண்டியின் ஏர்க்கால் வந்து குத்தியது. மார்க்கெட் மேற்பார்வையாளர் கத்தினார், “இன்னொரு தடவை இந்தக் குதிரையை உள்ள கொண்டு வந்தே, உன்னையும் சேத்து வெளிய தள்ளுவேன்.” வெங்காயக் கடைக்காரர் எங்கள் கண் முன்னாலேயே மினி வேனுக்கு போன் போட்டார். ஒவ்வொருவராக எல்லோரும் போட்டார்கள்.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. “லாரிக்காரன்கிட்ட சொல்லிட்டேன்” என்றார்.

“எந்த லாரிக்காரன்?”

தரையைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

“வெட்டறதுக்கா வாங்கினோம்?” என்று கத்தினேன். “அவ என்ன தப்பு பண்ணினா? நீங்க இழுன்னா இழுத்தா, ஓடுன்னா ஓடினா!”

“எனக்கு மட்டும் ஆசையா? இன்னைக்கு அந்தக் குழந்தை செத்திருக்கும். நாளைக்கு அவளே கால் ஒடிஞ்சு கிடந்து துடிப்பா. நீ என்ன பண்ணுவே? சொல்லு, என்ன பண்ணுவே?”

நியாயமாகத்தான் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

லாரி வரும் நாள் இப்படித்தான் வந்தது. எங்கள் தெரு குறுகல் என்பதால் அவர் முனைக்குப் போய் வழி காட்ட நின்றார். போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. லாயத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். போனை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். சூளைப் பையன் நம்பரைத் தேடி அழுத்தினேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. ஒருவேளை அவன் வந்து திரும்ப ஓட்டிக்கொண்டு போய்விட மாட்டானா என்ற நப்பாசைதான்.

எடுத்ததும் நான் யார் என்று சொன்னேன். அவன் குரல் மாறிவிட்டது. “தவிடு எப்படி இருக்கா அக்கா?”

“படுக்கவே மாட்டேங்கறா தம்பி. தூங்கவே இல்ல. எலும்பும் தோலுமா நிக்கிறா.”

“படுக்க மாட்டேங்கறாளா? அவளா?” அவனால் நம்ப முடியவில்லை. “சேணத்தைக் கழட்டிட்டு பேரைச் சொன்னா பொத்துன்னு படுத்துடுவாளே. அதுக்குத்தானே அந்தப் பேரு!”

“என்ன சொல்றே?”

“சூளையில ஆளாளுக்குக் கத்திக்கிட்டே இருப்பாங்க அக்கா, அதனால வேலையில நான் அவ பேரைச் சொல்லவே மாட்டேன். நாக்கைத் தட்டுவேன், அவ்வளவுதான். சாயங்காலம் அவுத்து விடும்போது மட்டும் ஒரு தடவை பேரைச் சொல்லுவேன். தவிடுன்னு சொல்லிட்டா அன்னைக்கு வேலை முடிஞ்சுதுன்னு அவளுக்குத் தெரியும். குட்டியில இருந்து அப்படித்தான். அதான் சும்மா சும்மா கூப்பிடாதீங்கன்னு சொன்னேன்.” கொஞ்சம் நிறுத்தி, “நீங்க எப்படிக் கூப்பிடறீங்க?” என்றான்.

போன் கையிலிருந்து நழுவி எங்கேயோ விழுந்தது. பெயரை மாற்றியதிலிருந்து அவளுக்கு வேலை முடியவேயில்லை. யாரும் முடிந்தது என்று சொல்லவேயில்லை. தூங்கு மின்னல், தூங்கு மின்னல் என்று அந்த மனிதர் கொஞ்சிய ஒவ்வொரு தடவையும், எழுந்து வா, வண்டி பூட்டணும் என்றுதான் அவளுக்குக் கேட்டிருக்கிறது.

முற்றத்துக்கு ஓடினேன். லாரி வந்து நின்றிருந்தது. பின்கதவைத் திறந்து சாய்வுப் பலகையை இறக்கியிருந்தார்கள். லாரிக்காரர் ஒரு பக்கம், தடியோடு அவருடைய ஆள் ஒரு பக்கம். நடுவில் தலைக்கயிற்றோடு அவள். பலகையைக் கண்டு மிரண்டு பின்வாங்கினாள். அந்த ஆள் தடியை ஓங்கினான்.

“அடிக்காதே” என்றார் என் வீட்டுக்காரர். “நான் ஏத்தறேன்.”

“என்னங்க, அந்தப் பேரு...” என்று நான் அவர் கையைப் பிடித்தேன்.

“பேரா இப்ப முக்கியம்? தள்ளு!” கையை உதறிவிட்டு அவள் முகத்துக்கு எதிரே போய் நின்றார். அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மெதுவாக, லாயத்தில் கொஞ்சுகிற அதே குரலில் கூப்பிட்டார். “மின்னல். வாம்மா.”

அவள் தலையைத் தூக்கினாள். காதுகள் விறைத்தன. நடுங்குகிற காலை எடுத்துப் பலகையில் வைத்தாள். வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டாள் பாவி. இரண்டாவது காலையும் வைத்தாள். பலகை ‘டங்’ என்றது.

“தவிடு!” என்று அலறினேன்.

நின்றுவிட்டாள்.

முன்னங்கால்கள் பலகையில், பின்னங்கால்கள் தரையில். லாரிக்காரர் கயிற்றை வாங்கி இழுத்தார். கழுத்து நீண்டது, கால் நகரவில்லை. அவருடைய ஆள் பின்னாலிருந்து தடியால் அடித்தான். தோல் சுளித்தது, கால் நகரவில்லை. நாற்சந்தியில் நின்றாளே, அதே நிற்பு. எந்த நிற்பைப் போக்கத்தான் அவள் பெயரை மாற்றினோமோ, அந்த நிற்பு.

“மின்னல்! மின்னல்!” என்று என் வீட்டுக்காரர் தவித்தார். அவள் காதுகள் என் பக்கம் திரும்பியிருந்தன.

“அவ பேரைச் சொன்னா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தங்க!” மூச்சு வாங்கியது எனக்கு. “அவுத்து விடும்போதுதான் அந்தப் பையன் பேரையே சொல்லுவானாம். அதுக்கப்புறம்தான் படுப்பாளாம். பேரை மாத்தினதுக்கப்புறம் நம்ம வீட்டுல அந்தப் பேரை யாரும் சொல்லல. நீங்க தூங்கு தூங்குன்னு கூப்பிட்டதெல்லாம்...”

மீதியைச் சொல்லத் தேவை இருக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த நேரம் அவள் தலையைத் தாழ்த்தி அவர் மார்புக்கு நேரே கொண்டுவந்து வைத்தாள்.

“அவ என்ன கேக்கறாள்னு பாருங்க” என்றேன். “கயித்தைக் கழட்டுங்க.”

அவர் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். “யோவ், என்னய்யா பண்றே? ஓடிடும்யா!” என்று லாரிக்காரர் பதறினார். தலைக்கயிறு கழன்று தரையில் விழுந்தது. என் வீட்டுக்காரர் அவள் காதருகே குனிந்தார். மெதுவாகச் சொன்னார்.

“தவிடு.”

அவள் ஓடவில்லை. பின்பக்கமாகவே பலகையிலிருந்து இறங்கினாள். ஓர் அரைவட்டம் சுற்றி மண்ணை முகர்ந்தாள். முன்னங்கால்களை மடித்தாள். இந்தத் தடவை திடுக்கிட்டு எழவில்லை. பின்பக்கத்தையும் இறக்கி, விலாவைத் தரையில் சாய்த்து, கழுத்தை நீட்டி, லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நெடுஞ்சாண்கிடையாகப் படுத்துவிட்டாள். நீளமாக ஒரு மூச்சு வந்தது. மூக்குக்கு முன்னால் இருந்த மண் பறந்தது.

“செத்துப்போச்சா?” என்றார் லாரிக்காரர். குனிந்து பார்த்தார். வயிறு ஏறி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் குறட்டையே வந்தது. “தூங்குதுய்யா! எழுப்பு.”

“முடியாது” என்றார் என் வீட்டுக்காரர்.

“வரச் சொல்லிட்டு என்னய்யா விளையாட்டு? இவ்வளவு தூரம் லாரியைக் கொண்டாந்திருக்கேன். வாக்கு கொடுத்தியா இல்லையா?”

“கொடுத்தேன். திட்டணும்னா திட்டிக்குங்க.” என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். “மெதுவா திட்டுங்க.”

அந்த மனிதர் என்ன நினைத்தாரோ, உண்மையிலேயே குரலைத் தணித்துக்கொண்டுதான் திட்டினார். நல்ல வசவுகள். எங்கள் வம்சத்தையே இழுத்தார். திட்டி முடித்ததும், பலகையைச் சத்தம் வராமல் இரண்டு பேரும் பிடித்துத் தூக்கி மாட்டினார்கள். லாரியைத் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டுபோய்த்தான் ஸ்டார்ட் செய்தார்கள்.

முற்றத்தில் நாங்கள் மட்டும் நின்றோம். நாளைக்கு மார்க்கெட்டுக்குள் விடுவார்களா, கடைக்காரர்கள் திரும்ப வருவார்களா, இவள் தேறுவாளா, தேறாமலே போய்விடுவாளா, ஒன்றும் தெரியாது. வண்டி மூலையில் சாய்ந்து கிடந்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

“நான்தானே” என்றார் அவர். “பக்கத்துலயே உக்காந்து, நான்தானே தூங்க விடாம...”

தரையில் கிடந்த தலைக்கயிற்றை எடுத்துச் சுருட்டினேன்.

வெயில் நகர்ந்து அவள் கண் மேல் விழுந்தது. அவர் போய்க் குறுக்கே நின்றுகொண்டார். உட்காருங்கள் என்று நான் கையைக் காட்டினேன். உதட்டில் விரலை வைத்து என்னை அடக்கினார். வெயில் நகர நகர, தன் நிழல் அவள் முகத்தை விட்டு விலகாதபடி அவரும் நகர்ந்துகொண்டே இருந்தார்.